பன் மாவு உப்பும் நேரத்தில் குடும்பப் படம் அடுக்குகிறவர்கள் இருக்கிறீர்களா?

மேட்டுலயம் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். வீட்டில் ஈஸ்ட் போட்டு பன் சுடுகிறவர்கள் ஒரு பக்கமும், பழைய குடும்பப் படங்களை ஆல்பமாகச் சேர்த்து எழுதி வைக்கிறவர்கள் இன்னொரு பக்கமுமாக இங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டையும் ஒரே நாளில் செய்கிறேன். மாவைப் பிசைந்து வைத்தால் முதல் தடவை உப்ப ஒரு மணி நேரம் போகிறது. உருண்டை பிடித்த பிறகு இன்னொரு முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் வெளியே போகவும் முடியாது, பெரிய வேலை எதையும் தொடங்கவும் முடியாது. படங்களை எடுத்து உட்கார அதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பன் சுடுகிற நாளில் அத்தை வருவார், சின்னப் பாட்டியும் வருவார். "இந்தப் படத்தில் இருப்பது யார்?" என்று அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டால், "யாரோ, மறந்துபோச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் சூடான பன்னும் கோப்பியும் வைத்து, நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் கதை தானாக வருகிறது. ஒருவர் தவறாகச் சொல்ல மற்றவர் திருத்த, அந்த வாக்குவாதத்தில்தான் உண்மையான பெயரும் ஊரும் வெளியே வரும்.

எங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த நிலம் இப்போது தாமான் (புதிய குடியிருப்பு). காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களம், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, வேலையை மேற்பார்க்கும் தண்டலின் வீடு எல்லாம் எங்கே இருந்தன என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட இந்தப் படங்களை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதனால் பெயர் எழுதாத படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

நான் சுடும் பன்னின் அளவு: உயர்புரத ரொட்டி மாவு 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், சீனி 60 கிராம், உப்பு 8 கிராம், முட்டை ஒன்று, குளிர்ந்த பால் 250 மில்லி, வெண்ணெய் 60 கிராம். வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு பசைத்தன்மை உருவாகத் தாமதமாகும். சின்னத் துண்டை விரலால் மெல்ல இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும்வரை பிசையுங்கள். 16 உருண்டை வரும். 180 பாகை செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம்.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? பன்னைப் பற்றியும் எழுதலாம், படங்களைப் பற்றியும் எழுதலாம்.

கோப்பிக்கடைமகள் (தெலுக் இந்தான்)

அக்கா, அளவு கிட்டத்தட்ட என்னுடையதேதான். என் பிரச்சினை மறுநாள். சுட்ட அன்றைக்கு அவ்வளவு மென்மையாக இருக்கிறது. அடுத்த நாள் காலை பசியாற எடுத்தால் இறுகிப்போய் உதிர்கிறது. ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும் என்று ராத்திரி குளிர்பெட்டியில்தான் வைக்கிறேன். கடை பன் மூன்று நாள் மெத்தென்று இருக்கிறதே, அது எப்படி?

ஈப்போ அடுமனை

தங்கச்சி, குளிர்பெட்டிதான் காரணம். ரொட்டி காய்ந்து இறுகுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் சுடும்போது நீரைக் குடித்துத் தளர்ந்த மாச்சத்து, ஆறிய பிறகு மறுபடி கட்டியாகச் சேர ஆரம்பிக்கிறது. அந்த மாற்றம் குளிர்பெட்டியின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். அறையில் வைத்த ரொட்டியைவிடக் குளிர்பெட்டி ரொட்டி சீக்கிரம் இறுகுவது இதனால்தான். அன்றைக்கும் மறுநாளுக்கும் வேண்டியதை மூடிய டப்பாவில் வெளியே வையுங்கள். மிச்சத்தை ஆறியவுடனே உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். உறைநிலையில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். எடுத்துச் சூடாக்கினால் புதிதாகச் சுட்டது மாதிரி வரும்.

கடைக்காரர்கள் மென்மைக்குச் சில சேர்மானங்கள் போடுகிறார்கள். வீட்டில் அது தேவையில்லை. மாவுக்கூழ் முறையைப் பாருங்கள். மொத்த மாவிலிருந்து 25 கிராம் எடுத்து 125 மில்லி தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிளறினால் 65 பாகை வாக்கில் கெட்டியாகும். அதை ஆறவைத்து மீதி மாவோடு சேருங்கள். கூழில் போன தண்ணீருக்கு ஏற்பப் பாலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கூழ் பிடித்து வைத்திருக்கும் நீர் பன்னை இரண்டு மூன்று நாள் மென்மையாக வைத்திருக்கும். இங்கே பல வீடுகளில் இப்போது இப்படித்தான் சுடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் "வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டைக் கரைக்கவும்" என்று இருக்கும். அது குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதியது. நம் வீட்டுக்குள் பகலில் 30 பாகைக்கு மேல் இருக்கிறது. பிசையும் சூடும் சேரும்போது மாவு அளவுக்கு மீறிச் சூடாகி, சீக்கிரம் உப்பி, சுவை வருவதற்குள் முடிந்துவிடும். பிசைந்து முடிக்கும்போது மாவு 26, 27 பாகையில் இருப்பது நல்லது. மேட்டுலயம் அக்கா குளிர்ந்த பால் என்று எழுதியிருப்பது மிகச் சரி. இன்ஸ்டன்ட் ஈஸ்டைத் தனியாகக் கரைக்க வேண்டியதும் இல்லை. மாவோடு நேராகக் கலக்கலாம், உப்பின் மேல் நேராக விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிரட்டுக்களம்

பிள்ளைகளே, நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவன். ரொட்டி என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் காலத்தில் லயத்தில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. சாயங்காலம் ரொட்டிக்காரர் வருவார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். பின்னால் பெரிய பெட்டி, பக்கத்தில் தொங்கும் பொட்டலங்கள். ஹார்ன் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடும். தேங்காய்ப்பூ வைத்த பன், காயா (தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் காய்ச்சிய ஜாம்) தடவிய ரொட்டி, வெட்டாத முழு ரொட்டி. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் அண்ணன்மார்தான் அந்தத் தொழிலில் இருந்தார்கள். சம்பளம் வரும்வரை கணக்கில் எழுதிக்கொள்வார்கள். பினாங்கின் பெங்காலி ரொட்டியும் தமிழ் முஸ்லிம்கள் கைவண்ணம்தான்.

ஆனால் புளிக்கவைத்து மாவை உப்பச் செய்யும் வித்தை நம் வீடுகளுக்குப் புதிதில்லை. என் தாயார் ஆப்பத்துக்கு மாவு அரைத்தால் கள் கொஞ்சம் வாங்கி ஊற்றுவார். தென்னங்கள்ளில் ஈஸ்ட் இயற்கையாகவே இருக்கிறது. இறக்கிய சில மணி நேரத்திலேயே நுரைக்க ஆரம்பித்துவிடும். இரவு ஊற்றினால் காலையில் மாவு பொங்கி நிற்கும். இன்றைக்குப் பொட்டலத்தில் வரும் ஈஸ்ட் செய்வதும் அதே வேலைதான்.

படங்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

பழையபடம் (தைப்பிங்)

இரண்டையும் சேர்த்துச் செய்வதில் எனக்கு ஒரு ஆட்சேபம். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெண்ணெய், சீனி, கோப்பி, இவை இருக்கும் மேசையில் மூலப் படங்களைப் பரப்பவே கூடாது. விரல் எண்ணெய் படத்தின் மேல்பூச்சில் ஏறிவிட்டால் அந்தத் தடம் காலத்துக்கும் போகாது. உணவுத் துகள் எறும்பையும் கரப்பானையும் கூப்பிடும். அதோடு அடுப்பு எரியும் அறையில் ஈரமும் சூடும் அதிகம். நம் ஊர்க் காற்றே போதுமான ஈரமாக இருக்கிறது. காற்றின் ஈரம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினாலே பூசணம் வளரும். தைப்பிங்கில் அது தாண்டாத நாளே அபூர்வம்.

மேட்டுலயம்

பழையபடம் ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் வீட்டில் படம் அடுக்குவது முன்னறையில், கை கழுவித் துடைத்த பிறகுதான். ஆனால் அத்தையும் பாட்டியும் உட்கார்வது சாப்பாட்டு மேசையில். அவர்களை அங்கிருந்து எழுப்பி முன்னறைக்குக் கூட்டிப் போனால் பேச்சே மாறிவிடுகிறது. அதற்கு என்ன வழி?

பழையபடம் (தைப்பிங்)

அதற்கு எளிய வழி இருக்கிறது அம்மா. நான் எங்கள் குடும்பத்துக்குச் செய்தது. மூலப் படத்தை ஸ்கேன் செய்து, ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டு, அதை மேசைக்குக் கொண்டு போங்கள். வெண்ணெய் பட்டாலும் கவலையில்லை. வயதானவர்களுக்குக் கண்ணும் எளிதாகப் பிடிக்கும். சின்னப் படத்தில் தெரியாத முகம் பெரிதாக்கினால் தெரியும். பேனாவைக் கொடுத்து ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள், கீழே அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், உறவு, தோட்டம், சொன்னவர் யார் என்பதை எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் கட்டாயம் எழுத வேண்டும். பின்னால் இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது என்று தெரிய அதுதான் உதவும்.

ஸ்கேன் செய்யும்போது அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) போதும். பாஸ்போர்ட் அளவுச் சின்னப் படத்துக்கு 1200 வையுங்கள். கைப்பேசியில் எடுப்பதானால் சன்னல் பக்கத்து வெளிச்சத்தில், விளக்கின் பளபளப்பு படாமல், படத்துக்கு நேர் மேலிருந்து எடுங்கள்.

வண்ணத்தாள்

நான் ஸ்கிராப்புக் செய்கிறவள். வண்ணத்தாள் வெட்டி, பூ ஒட்டி, கையெழுத்தில் கதை எழுதி, கோயில் திருவிழா ரசீது, கல்யாணப் பத்திரிகை, பழைய பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒட்டுவேன். இது வெறும் அலங்காரம் என்று சிலர் நினைப்பது எனக்கு வருத்தம். இன்றைய ஸ்கிராப்புக் பழக்கம் அமெரிக்காவின் யூட்டாவில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களிடமிருந்துதான் பெரிதாகப் பரவியது. மார்மன் சமயத்தார் முன்னோர் விவரம் சேர்ப்பதைக் கடமையாக வைத்திருப்பவர்கள். 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் ஒரு குடும்பம் தன் தொகுப்புகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் நிறையப் பேர் அதைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். அலங்காரம் பின்னால் சேர்ந்தது, வேர் வரலாறுதான்.

என் பிள்ளைகள் சாதாரண ஆல்பத்தைத் திறப்பதே இல்லை. நான் செய்த புத்தகத்தை அவர்களே எடுத்துப் பார்க்கிறார்கள், தோழிகளுக்கும் காட்டுகிறார்கள். பாட்டி ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது கட்டிய தலைத்துணியைப் பற்றி ஆறு வரி எழுதி, அதே நிறத்தில் ஒரு துண்டுத் துணியைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் தொட்டுப் பார்க்கிறார்கள்.

பழையபடம் (தைப்பிங்)

வண்ணத்தாள் அம்மா, உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: அந்தப் பக்கங்களில் ஒட்டியிருப்பது மூலப் படமா, பிரதியா? மூலப் படத்தை வெட்டுவதும் பசை போட்டு ஒட்டுவதும் திரும்பி வராத செயல்கள். ஓரத்தை வட்டமாக வெட்டினால் பின்னால் நின்ற மரம், வீட்டு எண், சுவர் எல்லாம் போய்விடும். எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிக்க அந்த மூலையில் தெரியும் கூரைதான் சில நேரம் ஒரே தடயம்.

வண்ணத்தாள்

பழைய படங்கள் எல்லாம் பிரதிதான் ஐயா. ஸ்டூடியோவில் கொடுத்து அச்சடித்து வாங்குகிறேன். மூலங்கள் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கின்றன. தாளும் அமிலமற்றது, லிக்னின் இல்லாதது என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் செய்தித்தாளை மஞ்சளாக்குகிறது என்று படித்தபிறகு சாதாரண வண்ண அட்டையைத் தொடுவதில்லை.

பழையபடம் (தைப்பிங்)

அப்படியானால் உங்கள் முறையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தலைத்துணிப் பக்கம் நல்ல யோசனை. செய்தித்தாள் நறுக்குகளையும் பிரதி எடுத்தே ஒட்டுங்கள். பக்கத்திலிருக்கும் படத்துக்கும் அந்த அமிலம் பரவும்.

செம்பனைக்காடு (பீடோர்)

எங்கள் வீட்டில் 80களில் வாங்கிய ஒட்டும் ஆல்பம்தான் நிறைய. பக்கம் முழுக்கக் கோடு கோடாகப் பசை, மேலே பிளாஸ்டிக் தாளைத் தூக்கி மூடுவோமே, அதுதான். இப்போது பசை மஞ்சளாகி, சில படங்கள் தாளோடு ஒன்றாகிவிட்டன. அப்பாவின் முதல் மோட்டார் சைக்கிள் படம் அதில்தான் இருக்கிறது. இழுத்தால் கிழிகிறது. என்ன செய்யலாம்?

பழையபடம் (தைப்பிங்)

இழுக்காதீர்கள். முதலில் பக்கத்தை அப்படியே படம் எடுத்துவிடுங்கள். அடுத்து என்ன ஆனாலும் ஒரு பதிவு கையில் இருக்கும். பிறகு பல்லிடுக்கு நூல், மெழுகு தடவாதது, ஒன்றரை முழம் எடுத்துப் படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ரம்பம் அறுப்பது மாதிரி மெல்ல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். படத்தை வளைக்கக் கூடாது, தாளைத்தான் பின்னால் வளைக்க வேண்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பக்கத்தைப் படத்தைச் சுற்றி வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளலாம். சூடு காட்டுவது, தண்ணீர் தடவுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம்.

அதே காலத்து வண்ணப் படங்கள் சிவந்து போயிருக்கிறதா பாருங்கள். வண்ணப் படத்தில் மூன்று சாயங்கள் இருக்கும். அந்தக் காலத்துத் தாளில் நீலப்பச்சைச் சாயம் அலமாரி இருட்டிலும் மங்கும், அதனால் மீதி நிறம் சிவப்பாகத் தெரிகிறது. அதைத் திருப்ப முடியாது, ஸ்கேனில் நிறத்தைச் சரிசெய்யலாம். கருப்புவெள்ளைப் படங்கள் வெள்ளித் துகளால் ஆனவை. அவை இன்னும் நன்றாகவே இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம், நம் வீடுகளில் அதிகம் பார்ப்பதால் எழுதுகிறேன். ஒன்று, பழைய படத்தை லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் உள்ளே போய்விடும், பிறகு எவராலும் பிரிக்க முடியாது. இரண்டு, சாமி அறையிலும் முன்னறையிலும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விட வேண்டும். முடிந்தால் சுவரில் பிரதியை மாட்டிவிட்டு மூலத்தை உள்ளே வையுங்கள்.

கோப்பிக்கடைமகள் (தெலுக் இந்தான்)

ஈப்போ அண்ணே, வெளியே டப்பாவில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் மென்மையாகவே இருந்தது! இந்த வாரம் கூழ் முறையும் செய்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம். உள்ளே இனிப்புத் தேங்காய் வைத்து, மாவிலும் சீனியைக் கூட்டலாமா? வீட்டில் பிள்ளைகளுக்கு இன்னும் இனிப்பு வேண்டுமாம்.

ஈப்போ அடுமனை

மாவு எடையில் 10, 12 விழுக்காட்டுக்கு மேல் சீனி போனால் சாதாரண ஈஸ்ட் திணறும். சீனி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்டுக்கு வேண்டிய ஈரம் கிடைக்காது. மாவு உப்ப நேரம் அதிகமாகும். 500 கிராம் மாவுக்கு 50, 60 கிராம் சரி. 80, 100 வரை போக வேண்டுமானால் இனிப்பு மாவுக்கென்றே தனி வகை இன்ஸ்டன்ட் ஈஸ்ட் இருக்கிறது, பேக்கரிப் பொருள் கடையில் கேட்டு வாங்குங்கள். என் யோசனை, மாவை அப்படியே விட்டு உள்ளே வைக்கும் தேங்காயில் குலாமலாக்காவை (தென்னை வெல்லம்) கூட்டுவது. பூரணம் வற்றிக் கெட்டியாக இருக்கட்டும், ஈரமாக இருந்தால் பன்னின் அடி வேகாது. நெத்திலி சம்பல் வைத்தாலும் இதே விதி.

கிள்ளான்காரி

படங்களைப் பாதுகாப்பாக வைப்பது பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். 2021 டிசம்பர் வெள்ளம் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனை வீடுகளில் புகுந்தது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் உறவினர் வீட்டில் தண்ணீர் இடுப்புக்கு மேல். மெத்தை, அலமாரி, சமையல் சாமான் எல்லாம் திரும்ப வாங்கிவிட்டார்கள். கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள்தான் இல்லை. வெயிலில் அடுக்காகக் காயவைத்ததில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது முகங்கள் உரிந்து வந்தன.

அப்போது ஒருவரும் எங்களுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நனைந்த படங்களை ஒட்டியபடி காயவிடவே கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க, நிழலில் காற்றில் உலர்த்த வேண்டும். முகத்தைத் துடைக்கக் கூடாது. இரண்டு நாளுக்குள் செய்ய முடியாதென்றால், இடையிடையே மெழுகுத்தாள் வைத்துப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாம், பிறகு நிதானமாக எடுத்துச் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆல்பத்தைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பிரதிகள் மூன்று இருக்கட்டும், அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

பிரட்டுக்களம்

படங்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

தோட்ட மக்களிடம் பழைய படம் குறைவு. கேமரா துரை பங்களாவில் இருந்தது, கிராணிமார் சிலரிடம் இருந்தது. மற்றவர்கள் கல்யாணத்துக்கோ பிள்ளை பிறந்ததற்கோ டவுனுக்குப் போய்ச் சீனர் ஸ்டூடியோவில் எடுத்தால்தான் உண்டு. ஆகவே உங்கள் பாட்டியின் மிகப் பழைய படம் எது என்று தேடினால் பல குடும்பங்களில் அது அடையாள அட்டைக்காக எடுத்த படமாக இருக்கும். அதற்குக் காரணம் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க ஆங்கிலேய அரசு அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டு 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படத்தோடும் கைரேகையோடும் பதிந்துகொள்ள வேண்டும் என்று வந்தது. வாழ்நாளில் கேமராவைப் பார்த்தேயிராத பெண்கள் அன்றைக்கு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நேராகப் பார்த்தபடி, சிரிப்பில்லாமல், தோள்வரை. அந்தச் சின்னப் படத்தின் பிரதி எந்தத் தகரப் பெட்டியில் கிடந்தாலும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, கப்பல் படங்கள். ராஜுலா 1926 முதல் 70களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்ளவில்லை. போனவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். போவதற்கு முன் சொந்தபந்தம் எல்லாரும் ஸ்டூடியோவில் நின்று ஒரு படம். நடுவில் நாற்காலி, பின்னால் திரையில் வரைந்த மாளிகை. உங்கள் ஆல்பத்தில் பெரிய கூட்டமாக எல்லாரும் புதுத்துணியோடு, ஆனால் மணமகனோ மணமகளோ இல்லாத படம் இருந்தால், அது பிரியும்போது எடுத்ததா என்று கேட்டுப் பாருங்கள். அதில் பாதிப் பேர் தமிழ்நாட்டில் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் அதே படம் இருக்கலாம், அங்கே பின்புறத்தில் பெயர்கள் எழுதியிருக்கவும் கூடும்.

மூன்றாவது, காகிதங்கள். 50களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில், வேலையும் வீடும் போய் மக்கள் தவித்தபோது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பங்குப் பத்திரம், சம்பளச் சீட்டு, யூனியன் சந்தா அட்டை எல்லாம் படத்துக்குச் சமமானவை. வண்ணத்தாள் மகள் ரசீதையும் டிக்கெட்டையும் சேர்க்கிறார் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம். அது அலங்காரமல்ல.

செம்பனைக்காடு (பீடோர்)

ஐயா, நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி ஒரு படம் எங்களிடம் இருக்கிறது. கல்யாணப் படம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம். பின்புறம் தெலுக் இந்தான் ஸ்டூடியோ முத்திரை மட்டும் இருக்கிறது. பெரியம்மாவிடம் இன்றைக்கே கைப்பேசியில் கேட்கப்போகிறேன்.

மேட்டுலயம்

பிரட்டுக்களம் ஐயா எழுதியதைச் சின்னப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். ஐசி (அடையாள அட்டை) படம் எடுத்த அன்றைக்குத் தோட்டத்து லாரியில் ஏற்றிப் போனதாகவும், மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பயந்ததாகவும் சொன்னார். இதை நான் இதுவரை கேட்டதில்லை. தேதி, தோட்டம், பாட்டி சொன்ன வார்த்தை எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பழையபடம் ஐயா சொன்ன ஏ4 தாள் முறை நன்றாக நடந்தது. ஒரே தாளில் மூன்று பேர் கையெழுத்து. ஒரு முகத்துக்கு இரண்டு பெயர் வந்திருக்கிறது, இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன். இப்போது என் கேள்வி: மூலப் படத்தின் பின்னால் எதனால் எழுதுவது? எந்த ஆல்பம் வாங்குவது?

பழையபடம் (தைப்பிங்)

மென்மையான பென்சில். படத்தைக் கண்ணாடி மாதிரி கெட்டியான பரப்பில் கவிழ்த்து, ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் நாளடைவில் கசியும். பளபளப்பான பிளாஸ்டிக் முதுகுள்ள புதிய படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்குப் படங்களுக்கென்றே விற்கும் நிறமிப் பேனா வாங்கி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குங்கள்.

ஆல்பம் என்றால் பழைய முறையே மேல். அமிலமற்ற கெட்டித்தாள், நாலு மூலைக்கும் மூலைக்காகிதம். படத்தில் பசை படாது, வேண்டும்போது கழற்றிப் பின்பக்கத்தைப் படிக்கலாம். உறை வகை வாங்கினால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று எழுதியிருக்க வேண்டும். பிவிசி வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் படத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டையும் போடாதீர்கள். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் உலர்த்திக்கொண்டால் போதும். ராமபாணப் பூச்சிக்கும் வறண்ட இடம் பிடிக்காது.

கிள்ளான்காரி

மூலைக்காகிதம் இங்கே பெரிய எழுதுபொருள் கடைகளில் கிடைக்கிறது, பொட்டலம் சில வெள்ளிதான். அமிலமற்றது என்று உறையில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கறுப்புத் தாளும் வெள்ளைத் தாளும் இருக்கின்றன. கருப்புவெள்ளைப் படங்களுக்குக் கறுப்புத் தாள் எடுப்பாக இருக்கிறது, வெள்ளைப் பென்சிலால் பெயர் எழுதினேன்.

வண்ணத்தாள்

மேட்டுலயம் அக்கா, அந்த மூன்று கையெழுத்துத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். ஆல்பத்தில் அந்தப் படத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பாட்டியின் கையெழுத்தும் நாளைக்கு வேண்டியதுதானே.

மேட்டுலயம்

அப்படியே செய்கிறேன் தங்கச்சி. வெண்ணெய்க் கறை இருக்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தனியாக வைக்கிறேன், படத்தோடு படாது.

கோப்பிக்கடைமகள் (தெலுக் இந்தான்)

கூழ் முறை வெற்றி! மூன்றாம் நாளும் மென்மை. ஆனால் உள்ளூர்த் தராசு 8 கிராமைச் சரியாகக் காட்டுவதில்லை. உப்பை எந்தக் கரண்டியால் அளப்பது?

ஈப்போ அடுமனை

பொடி உப்பு என்றால் அளவுத் தேக்கரண்டியில் தலை தட்டி ஒன்றும், பிறகு கால் கரண்டிக்குச் சற்று அதிகமும். கல் உப்பைப் பொடித்த பிறகு அள. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. கடையில் வரும் 11 கிராம் பொட்டலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சத்தை மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடு. ஈஸ்டுக்குக் குளிர்பெட்டி நல்லது, ரொட்டிக்குத்தான் ஆகாது.